ஸ்பைக் மில்லிகன்: வானொலியைத் தலைகீழாக்கிய சிரிப்புக்காரர்

(முன்னாள் மாணவன், இயந்திரவியல் துறை)

மலர் என்று ஒன்று போட்டால் அதில் ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு இருந்தே ஆக வேண்டும். விஸ்வேஸ்வரய்யா, எடிசன், ராமானுஜன் என்று ஒரு பட்டியலே உண்டு. பொறியியல் கல்லூரி மலரில் ஒரு நகைச்சுவைக்காரருக்கு என்ன வேலை என்று மூத்தவர்கள் புருவத்தை உயர்த்தலாம். கொஞ்சம் பொறுங்கள். இவர் இந்தியாவில் பிறந்தவர். பீரங்கிப் படையில் வேலை பார்த்தவர். ஒரு சத்தம் சரியாக வரவில்லை என்பதற்காக பி.பி.சி.யோடு மல்லுக்கு நின்றவர். அதைவிட முக்கியமாக, வாரம் ஒரு கெடு என்று உழைத்து உழைத்து உடைந்து போய், மறுபடி எழுந்தவர். இன்றைக்கு நம்மில் பலருக்கும் ஹாஸ்டலில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் அந்தக் கதை தேவைப்படுகிறது.

பெயர் டெரன்ஸ் ஆலன் மில்லிகன். உலகம் அறிந்த பெயர் ஸ்பைக் மில்லிகன். 1951 முதல் 1960 வரை பி.பி.சி. வானொலியில் வந்த தி கூன் ஷோ என்ற நிகழ்ச்சியின் பிரதான எழுத்தாளர். கூன் என்பது நம்ம ஊர் முதுகுக் கூன் இல்லை. பாப்பாய் கார்ட்டூன் கதையில் வரும் ஒரு விசித்திரப் பிறவியின் பெயர் அது.

பட்டாளத்து வீட்டுப் பிள்ளை

1918 ஏப்ரல் 16. அப்போது அகமத்நகர் என்று அழைக்கப்பட்ட, இப்போது அஹில்யாநகர் என்று பெயர் மாறிவிட்ட மகாராஷ்டிர ஊரில் மில்லிகன் பிறந்தார். அப்பா லியோ அயர்லாந்துக்காரர், பிரிட்டிஷ் ராணுவத்தில் வேலை. அம்மா ஃப்ளாரன்ஸ் ஆங்கிலேயப் பெண்மணி. அப்பாவுக்குப் பாட்டு, கூத்து, வேடம் கட்டுவது என்றால் உயிர். பட்டாளத்துக் கலை நிகழ்ச்சி எதுவானாலும் அவர் மேடையில் இருப்பார்.

பையன் வளர்ந்தது பூனாவிலும் பிறகு ரங்கூனிலும். வேலைக்கு ஆள், வெயில், பரேடு மைதானம், பாண்டு வாத்தியம் என்று வசதியான பிள்ளைப் பருவம். 1930-களின் தொடக்கத்தில் ராணுவச் செலவைக் குறைக்கிறோம் என்று அப்பாவின் வேலை போயிற்று. குடும்பம் கப்பலேறி லண்டனுக்குப் போனது. தென்கிழக்கு லண்டனில் பிராக்லி என்ற பகுதியில் ஒரு சின்ன ஜாகை. குளிர், மழை, பணமுடை. இந்தியாவில் துரை வீட்டுப் பிள்ளையாக இருந்தவன் இங்கே சாதாரண குமாஸ்தாப் பையன் ஆகிவிட்டான். அந்த இழப்பை அவர் கடைசிவரை மறக்கவில்லை. எங்கே போனாலும் நான் வெளியூர்க்காரன் என்ற எண்ணம் அவருக்குள் தங்கிவிட்டது.

கிடைத்த வேலைகளைப் பார்த்தார். சாயங்காலம் ஆனால் இசை. கார்னெட், டிரம்பெட், கிதார் எல்லாம் கற்றுக்கொண்டு ஜாஸ் குழுக்களில் வாசித்தார். ஸ்பைக் ஜோன்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு இசைக்குழு வைத்திருந்தார். நல்ல பாட்டுக்கு நடுவே மணி, துப்பாக்கி, பாத்திரம் உருளும் சத்தம் எல்லாம் வரும். அந்த ரசனையில்தான் டெரன்ஸ் என்ற பெயர் போய் ஸ்பைக் என்று ஆனது.

குண்டு இல்லாத பீரங்கி

1940-இல் ராணுவத்துக்கு அழைப்பு வந்தது. பீரங்கிப் படையின் 56-ஆவது ஹெவி ரெஜிமென்டில் சிக்னலர் வேலை. முகாம் இங்கிலாந்தின் தென்கரையில் பெக்ஸ்ஹில் என்ற கடலோர ஊர். எதிரே கடல், கடலுக்கு அந்தப் பக்கம் ஜெர்மானியர்கள் பிடித்து வைத்திருக்கும் பிரான்ஸ். எந்த நேரமும் படையெடுப்பு வரலாம்.

அவர்களிடம் இருந்தது முதல் உலகப் போர் காலத்து 9.2 அங்குல ஹோவிட்சர். பழைய சரக்கு. அதற்கும் பயிற்சிக்குக் குண்டு கிடையாது. அதனால் பீரங்கியைத் திருப்பி, குறிபார்த்து, எல்லாம் முறைப்படி செய்துவிட்டு, சுடவேண்டிய கட்டத்தில் வீரர்கள் எல்லோரும் ஒரே குரலில் டமார் என்று கத்துவார்களாம். தன் போர்க்கால நினைவுகளில் மில்லிகன் இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார். நாட்டைக் காப்பாற்ற வந்த படை வாயால் குண்டு வெடிக்கிறது! பின்னாளில் அவர் எழுதிய அபத்தங்கள் வானத்திலிருந்து குதித்தவை இல்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

1943 ஜனவரியில் ரெஜிமென்ட் அல்ஜியர்ஸ் போய் இறங்கியது. இப்போது கையில் 7.2 அங்குல ஹோவிட்சர். இந்தப் பீரங்கியில் ஒரு கோளாறு. பழைய சட்டத்தில் புதிய குழாயை ஏற்றியதால், சுட்டவுடன் வரும் ரீகாயில் முழுவதையும் சட்டத்தால் தாங்க முடியாது. மொத்த வண்டியும் பின்னால் ஓடும். சக்கரத்துக்குப் பின்னால் ஆப்பு வடிவில் சரிவுக் கட்டைகளை வைத்து, அதன்மேல் ஏறி இறங்கி நிற்கும்படி செய்வார்கள். துனீசியாவில் ஒரு நாள் அப்படி ஒரு பீரங்கி நிற்காமல், மேட்டிலிருந்து கீழே போய்விட்டது. கீழே வேறொரு பிரிவின் டிரக். அதில் உட்கார்ந்திருந்தவர் ஹாரி சீக்கோம்ப் என்ற வேல்ஸ்காரர். டன் கணக்கான இரும்பு பக்கத்தில் வந்து விழுந்த அதிர்ச்சியில் அவர் இருக்கும்போது, ஒரு ஒல்லிப் பேர்வழி எட்டிப் பார்த்து, தொலைந்துபோன பேனாவைத் தேடுகிறவர் மாதிரி, இங்கே பீரங்கி எதையாவது பார்த்தீர்களா என்று கேட்டாராம். அந்த ஒல்லிதான் மில்லிகன். நாற்பது ஐம்பது வருட நட்பு இப்படித் தொடங்கியது.

அடுத்து இத்தாலி. 1944 ஜனவரியில் மான்டி கஸினோ போர்முனையில் ஒரு மார்ட்டர் குண்டு அவர் பக்கத்தில் வெடித்தது. காலில் பட்ட காயம் ஆறிவிட்டது. மனதில் பட்டது ஆறவில்லை. பீரங்கிச் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்கும், அழுகை வரும், வாய் திக்கும். இன்றைக்கு அதற்கு மருத்துவப் பெயர் இருக்கிறது, சிகிச்சை இருக்கிறது. அன்றைக்கு மேலதிகாரிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பயந்தாங்கொள்ளி. லான்ஸ் பம்பார்டியர் பதவியைப் பிடுங்கிக்கொண்டு சாதாரண கன்னராக இறக்கிவிட்டார்கள். மருத்துவமனையில் சிகிச்சை பெறவேண்டிய ஆளுக்குத் தண்டனை! இந்த அவமானம் அவரை ஆயுசு முழுக்க உறுத்தியது.

போர்முனைக்குத் தகுதியில்லை என்று ஆனபின் வீரர்களுக்கான கேளிக்கைக் குழுவில் சேர்ந்தார். பில் ஹால் ட்ரியோ என்ற மூவர் குழுவில் கிதார் வாசித்துக்கொண்டே கோமாளித்தனமும் செய்தார். சனம் சிரித்தது. வழி தெரிந்துவிட்டது.

நான்கு பட்டாளத்துக்காரர்கள்

போர் முடிந்து லண்டன் வந்தபோது வேலை தேடும் இளைஞர் கூட்டத்தில் அவரும் ஒருவர். வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் கிராஃப்டன்ஸ் என்ற மதுக்கடை. அதன் முதலாளி ஜிம்மி கிராஃப்டனே வானொலிக்கு நகைச்சுவை எழுதுகிறவர். அங்கே நான்கு பேர் கூடினார்கள். ஒருவர் மில்லிகன். இன்னொருவர் சீக்கோம்ப். மூன்றாமவர் மைக்கேல் பென்டைன், பெரு நாட்டுத் தந்தைக்குப் பிறந்து ஈட்டன் பள்ளியில் படித்தவர். நான்காமவர் பீட்டர் செல்லர்ஸ். போர்க்காலத்தில் விமானப்படையின் கலைக்குழுவோடு இந்தியா, இலங்கை, பர்மா என்று சுற்றியவர் செல்லர்ஸ். யார் குரல் வேண்டுமானாலும் அவர் தொண்டையிலிருந்து வரும். பி.பி.சி. தயாரிப்பாளர் ஒருவருக்கு இரண்டு பிரபலங்களின் குரலில் போன் போட்டு, செல்லர்ஸ் என்று ஒரு அபாரமான பையன் இருக்கிறான் என்று தனக்குத்தானே சிபாரிசு செய்து வாய்ப்பு வாங்கியவர்.

நால்வரும் போர் கண்டவர்கள். நால்வருக்கும் அதிகாரிகள், உத்தரவு, கோப்பு, மரியாதை என்பதெல்லாம் எவ்வளவு கேலிக்கூத்து என்று தெரியும். 1951 மே 28-ஆம் தேதி கிரேஸி பீப்பிள் என்ற பெயரில் முதல் நிகழ்ச்சி ஒலிபரப்பானது. அடுத்த ஆண்டு கூன் ஷோ என்று பெயர் மாறியது. 1952 முடிவில் பென்டைன் விலகிக்கொண்டார். மிச்சம் மூன்று பேர்.

மூன்று பேர்தான். ஆனால் ஒலிபரப்பில் கேட்பது ஒரு ஊரே. ஏமாளி நாயகன் நெட்டி சீகூன், சீக்கோம்பின் குரல். கோழை மேஜர் பிளட்நாக், தள்ளாத கிழவர் ஹென்றி க்ரன், பள்ளிக்கூடப் பையன் ப்ளூபாட்டில், நாகரிக எத்தன் கிரிட்பைப்-தின், இத்தனையும் செல்லர்ஸ். அப்பாவி எக்கிள்ஸ், கிழவி மின்னி பானிஸ்டர், ஓட்டாண்டி மொரியார்ட்டி மூவரும் மில்லிகன். சில காட்சிகளில் ஒரே ஆள் தனக்குத்தானே பேசிக்கொள்வார். கேட்பவருக்குத் தெரியவே தெரியாது.

மாவுப் புட்டிங் மர்மம்

ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1954 அக்டோபர் 12-இல் ஒலிபரப்பான, பெக்ஸ்ஹில் ஊரின் பயங்கர பேட்டர் புட்டிங் எறிபவன் பற்றிய கதை. எழுதியவர் மில்லிகன். பேட்டர் புட்டிங் என்பது மாவு, முட்டை, பால் கரைத்து அடுப்பில் உப்ப வேகவைக்கிற பண்டம். ஆங்கிலேயர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறியோடு தட்டில் வரும். நம் வீட்டு இட்லி மாதிரி, அதைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள்.

கதை நடப்பது 1941-இல். போர்க்கால இருட்டடிப்பு. பெக்ஸ்ஹில் கடற்கரையில் ஹென்றி க்ரனும் மின்னியும் நடந்துபோகிறார்கள். இருட்டிலிருந்து யாரோ மின்னி மேல் ஒரு பேட்டர் புட்டிங்கை வீசிவிட்டு ஓடுகிறான். போலீசுக்குத் தகவல் போகிறது. இன்ஸ்பெக்டர் சீகூன் வருகிறார். மறுபடி மறுபடி புட்டிங் விழுகிறது. ஊரே நடுங்குகிறது. கடலுக்கு அப்பால் ஹிட்லர் நிற்கிறான், ஊருக்குக் கவலை புட்டிங்!

துப்பு ராணுவத்தின் பக்கம் திரும்புகிறது. மேஜர் பிளட்நாக்கின் படையோடு விசாரணை கப்பலேறி வட ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. குற்றவாளி மொரியார்ட்டி. அவனைப் பிடித்துக்கொண்டு திரும்பும்போது சீகூனும் அவனும் ஒரு படகில் நடுக்கடலில் மாட்டிக்கொள்கிறார்கள். நாள் கணக்கில் பசி. படகில் சாப்பிட இருப்பது ஒன்றே ஒன்று: அந்த பேட்டர் புட்டிங். ஆனால் வழக்குக்கு இருக்கும் ஒரே சாட்சியும் அதுதான். தின்றால் உயிர் பிழைக்கலாம், குற்றவாளி தப்பிவிடுவான். தின்னாவிட்டால் நீதி நிலைக்கும், ஆள் நிலைக்கமாட்டார்.

என்ன செய்வது? மில்லிகன் விடை சொல்லவில்லை. சீகூன் தின்று பிழைப்பதா, தின்னாமல் நீதிக்காகச் சாவதா என்று நேயர்களே முடிவு எழுதி அனுப்பலாம் என்று அறிவிப்பாளர் சொல்லிவிடுகிறார். அது மட்டுமில்லாமல், சுபமான முடிவு இல்லாமல் தூக்கம் வராத மண்டூகங்களுக்காக, கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு காதல் வசனத்தைப் போட்டு, கல்யாணத்துக்குச் சம்மதம் வாங்கி முடித்துவிடுகிறார்கள்.

இப்போது மேலே சொன்ன வாழ்க்கைக் கதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெக்ஸ்ஹில், 1941, இருட்டடிப்பு, பீரங்கிப் படை, வட ஆப்பிரிக்கா போகும் கப்பல்: இது மில்லிகன் போன பாதையே. வாயால் குண்டு வெடித்த ஊரில்தான் புட்டிங் எறிகுண்டாக வருகிறது. இருட்டில் எங்கிருந்தோ ஒன்று வந்து விழும், யார் எறிந்தது, ஏன் எறிந்தது என்று தெரியாது. மான்டி கஸினோவில் அதை அனுபவித்தவர் அதையே எடுத்து நாட்டுக்குச் சிரிப்பாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அன்றைக்குக் கேட்டவர்களில் பலர் முன்னாள் ராணுவத்தினர். அவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

காலுறைக்குள் கஸ்டர்ட்

நம்ம துறைக்காரர்களுக்குப் பிடித்த பகுதி இது. மில்லிகனுக்கு வானொலி என்பது பேச்சு இல்லை, சத்தத்தால் கட்டுகிற கட்டடம். ஓடும் காலடி கொஞ்சம் கொஞ்சமாக வேகமெடுத்து, ஜெட் விமானம் மாதிரிப் பறந்து, கடைசியில் ஒரு கதவு சாத்தும் சத்தத்தில் முடியும். 1955 அக்டோபரில் வந்த நெப்போலியனின் பியானோ என்ற பகுதியில், பாரிஸ் போய் ஒரு பியானோவைத் தூக்கும் சீகூன், அதையே படகாக்கி இங்கிலீஷ் கால்வாயைக் கடக்கிறார். டெலிவிஷனில் எடுத்தால் பணமும் போகும், நம்பவும் முடியாது. வானொலியிலோ அலைச் சத்தமும் பியானோக் கட்டையின் சத்தமும் போதும். கேட்பவன் மண்டைக்குள்ளேயே செட் போட்டாகிவிட்டது.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் எடிட்டிங் ஏது? சத்தங்கள் கிராமபோன் தட்டில் இருக்கும். பல டர்ன்டேபிள்களை ஒரே நேரத்தில் ஓட்டி, சரியான நொடியில் ஊசியை வைக்க வேண்டும். மற்றவை ஸ்டுடியோவிலேயே கையால் செய்வது. ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டன் காம்டன் தியேட்டரில் பார்வையாளர்கள் முன்னிலையில் ஒலிப்பதிவு. ஒரு ஊசி தவறினால் நகைச்சுவையும் தவறிவிடும்.

ஒருமுறை காலுறைக்குள் கஸ்டர்டை நிரப்பி ஓங்கி அடிக்கிற சத்தம் வேண்டும் என்றார் மில்லிகன். தட்டு நூலகத்தில் அப்படி ஒரு சத்தம் இருக்குமா? அவரே பி.பி.சி. கேன்டீனுக்குப் போனார். அங்கிருந்த அம்மாள், வயிற்றுக் கோளாறு உள்ள யாருக்கோ என்று நினைத்து அக்கறையாகக் கஸ்டர்ட் செய்து கொடுத்தார். இவர் தன் காலுறையைக் கழற்றி, கஸ்டர்டை ஊற்றி, பலகையில் ஓங்கி அடித்தார். சோகம் என்னவென்றால், அது காலுறைக்குள் கஸ்டர்ட் அடிக்கிற சத்தம் மாதிரியே இல்லையாம்! சோதனைச்சாலையில் எத்தனை பேர் இதை அனுபவித்திருக்கிறோம்?

1958-இல் பி.பி.சி. ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப் என்று ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது. எலக்ட்ரானிக் முறையில் புதிய சத்தங்களை உருவாக்கிய முன்னோடிக் கூடம் அது. மேஜர் பிளட்நாக்கின் வயிற்றுப் பொருமல் அங்கே தயாரான புகழ்பெற்ற ஆரம்பகாலச் சத்தங்களில் ஒன்று. பெரிய பெரிய ஆராய்ச்சிக்கு இப்படியும் பிள்ளையார் சுழி உண்டு.

தர்க்கத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1957-இல் வந்த ஒரு பகுதியில் எக்கிள்ஸ் மணி பார்க்கும் முறை: ஒரு காகிதத்தில் எட்டு மணி என்று யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். யாராவது மணி கேட்டால் காகிதத்தை எடுத்துக் காட்டுவார். எட்டு மணியாக இல்லாத நேரத்தில் கேட்டால்? காட்டமாட்டார். அவ்வளவுதான். நின்றுபோன கடிகாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாராலும் வடிவமைக்க முடியாது.

வாரம் ஒரு கெடு

இதுவரை சிரிப்பு. இனி அதற்கான கணக்கு.

ஐந்தாவது வரிசையில் மட்டும் 26 பகுதிகள். அதாவது ஆறு மாதத்துக்கு வாரம் ஒன்று. ஒவ்வொன்றும் அரைமணி நேரம். வேறு எங்கும் இல்லாத புதுக் கிறுக்குத்தனம் ஒவ்வொரு வாரமும் வேண்டும். லாரி ஸ்டீபன்ஸ், எரிக் சைக்ஸ் போன்றவர்கள் அவ்வப்போது கூட எழுதினார்கள் என்றாலும் பெரும் பாரம் மில்லிகன் தலையில். லண்டனில் ஒரு காய்கறிக் கடைக்கு மேலே இருந்த அறையில் உட்கார்ந்து இரவெல்லாம் எழுதுவார். நடிப்பும் அவர்தான். சத்தத்துக்காகச் சண்டையும் அவர்தான்.

1952-இல் கல்யாணம், அதே வருடம் முதல் குழந்தை, கூடவே ஓயாத எழுத்து. டிசம்பரில் மனம் உடைந்தது. கையில் கத்தியோடு செல்லர்ஸ் வீட்டுக்கு, அவரைக் கொல்லப்போகிறேன் என்று கிளம்பிவிட்டார். உயிர் நண்பனைத்தான். மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்றாவது வரிசையில் பல பகுதிகள் அவர் இல்லாமலேயே போயின. ஸ்டீபன்ஸும் கிராஃப்டனும் எழுதிச் சமாளித்தார்கள். உடம்பு தேறியதும் மறுபடி வந்து, மறுபடி அதே வேகம். பைபோலார் என்று சொல்லப்படும் மனநோய் அவருக்கு இருந்தது. உற்சாகத்தின் உச்சி, பிறகு அதல பாதாளம். ஆயுள் முழுக்க அது பலமுறை திரும்பி வந்தது. கூன் ஷோ தன் உடல்நலத்தையும் முதல் திருமணத்தையும் தின்றுவிட்டது என்பது பின்னாளில் அவரே போட்ட கணக்கு.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் வெள்ளிக்கிழமை தோறும் ரிலீஸ். மூன்று ராத்திரி தூங்காமல் முடித்துக் கொடுக்கும் ஒருவரை எல்லோரும் ஹீரோ என்றே கூப்பிடுவார்கள். மீட்டிங்கில் கைதட்டல், ஒரு பரிசுக் கூப்பன். குழுவிலேயே அதிகம் ஜோக் அடிப்பவரும் அவர்தான். ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. அப்புறமும் வரவில்லை. அவர் ஊருக்குப் போய்விட்டார், வைத்தியம் நடக்கிறது என்று இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது. அவருடைய வேலையை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அதாவது அது மூன்று பேர் வேலை என்பது நிர்வாகத்துக்கு முன்பே தெரியும்! மில்லிகன் வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்கு அந்தக் கணக்குத்தான் நினைவுக்கு வந்தது.

சோதனை இல்லாமல் படைப்பு இல்லை, கிறுக்கு இருந்தால்தான் மேதை என்று சிலர் சொல்வார்கள். மில்லிகன் விஷயத்தில் அது சரியில்லை. நோய் முற்றியிருந்த நாட்களில் அவர் இருட்டறையில் முடங்கிக் கிடந்தார். எழுதியது நோய் விட்ட இடைவெளிகளில். நோய் அவருக்குக் கொடுத்ததை விட எடுத்துக்கொண்டதே அதிகம்.

அறுபதுகளும் அதற்குப் பிறகும்

1960 ஜனவரி 28-ஆம் தேதி கூன் ஷோ நின்றது. செல்லர்ஸ் உலகப் புகழ் பெற்ற சினிமா நட்சத்திரம் ஆனார். சீக்கோம்ப் பாட்டில் கொடிகட்டினார். மில்லிகன் கையில் கிடைத்ததை எல்லாம் செய்தார். குழந்தைகளுக்கு அர்த்தமற்ற வேடிக்கைக் கவிதைகள், 1963-இல் புக்கூன் என்ற நாவல், நாடகம், டெலிவிஷன். 1964-இல் ஒப்லோமோவ் என்ற நாடகத்தில் வசனத்தை விட்டுவிட்டு இஷ்டத்துக்குப் பேசத் தொடங்கினார். கூட்டம் அலைமோதியது, நாடகத்தின் பெயரையே மாற்றி ஓட்டினார்கள். 1969-இல் வந்த க்யூ 5 டெலிவிஷன் தொடரைப் பார்த்த மான்டி பைதான் குழுவினர், நாம் செய்ய நினைத்ததை இவர் ஏற்கெனவே செய்துவிட்டாரே என்று திகைத்தார்கள். பீட்டில்ஸ் ஜான் லெனன் சிறு வயது முதல் கூன் ஷோ பைத்தியம்.

எல்லாம் மெச்சத்தக்கது என்று சொல்லமுடியாது. 1969-இல் கறி அண்ட் சிப்ஸ் என்ற தொடரில் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு ஒரு பாகிஸ்தானியராக நடித்தார். எதிர்ப்பு வந்து ஆறு பகுதிகளோடு நின்றது. கூன் ஷோவிலும் இந்தியர் மாதிரிக் கொச்சையாகப் பேசும் பாத்திரங்கள் உண்டு. இந்தியாவை நேசித்தவர்தான். ஆனாலும் இன்றைக்கு நாம் கேட்டால் முகம் சுளிக்கத்தான் செய்யும்.

இன்னொரு வேடிக்கை. பிரிட்டனுக்காகப் போரில் காயப்பட்டவருக்கு பிரிட்டன் பாஸ்போர்ட் தர மறுத்தது. பிறந்தது இந்தியா, தந்தை அயர்லாந்துக்காரர், சட்டம் மாறிவிட்டது, விசுவாசப் பிரமாணம் எடு என்றார்கள். ஆறு வருடம் ராணுவத்தில் இருந்தது போதாதா என்று கோபித்துக்கொண்டு 1960-களில் அயர்லாந்துக் குடிமகன் ஆகிவிட்டார். கூன் ஷோவுக்கு எழுதியிருந்தால் நம்பும்படியாக இல்லை என்று ஒதுக்கியிருப்பார்கள்!

1971 முதல் போர்க்கால நினைவுகளை ஏழு நூல்களாக எழுதினார். முதல் நூலின் தலைப்பே ஹிட்லரின் வீழ்ச்சியில் தன் பங்கு என்ன என்பதுதான். 1972-இல் பி.பி.சி.யின் பொன்விழாவுக்காக மூவரும் கடைசியாக ஒருமுறை கூடி காம்டன் தியேட்டரில் ஒரு கூன் ஷோ செய்தார்கள். 1980-இல் செல்லர்ஸ் மாரடைப்பால் இறந்தார். 1994-இல் மில்லிகனுக்கு வாழ்நாள் சாதனை விருது. இளவரசர் சார்லஸின் பாராட்டுக் கடிதத்தை மேடையில் வாசிக்கும்போது, நேரடி ஒளிபரப்பிலேயே இளவரசரை ஒரு கெட்ட வார்த்தையால் கேலி செய்துவிட்டார். பிறகு, எனக்கு சர் பட்டம் இனிக் கிடைக்காதோ என்று இளவரசருக்கே ஃபேக்ஸ் அனுப்பினார். 2001-இல் பட்டம் கிடைத்தது. அயல்நாட்டவர் என்பதால் கௌரவப் பட்டம்.

நான் சொன்னேனே

1993-இல் ஆன்டனி கிளேர் என்ற மனநல மருத்துவரோடு சேர்ந்து மனச்சோர்வைப் பற்றியும் அதிலிருந்து மீள்வதைப் பற்றியும் மில்லிகன் ஒரு நூல் எழுதினார். புகழ்பெற்ற மனிதர்கள் இதையெல்லாம் மூடி மறைத்த காலத்தில், எனக்கு இந்த நோய் இருக்கிறது, மருத்துவமனையில் இருந்திருக்கிறேன் என்று வெளிப்படையாகப் பேசினார். போர்முனையில் கோழை என்று பெயர் வாங்கியவர் செய்த துணிச்சலான காரியம் அது. என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையிலேயே பெரிய சாதனையும் அதுதான்.

சீக்கோம்ப் 2001 ஏப்ரலில் காலமானார். அவர் முந்திக்கொண்டதில் எனக்குச் சந்தோஷம், இல்லாவிட்டால் என் சாவுக்கு வந்து பாடித் தொலைத்திருப்பார் என்று மில்லிகன் கிண்டல் செய்வார். 2002 பிப்ரவரி 27-இல் தன் 83-ஆவது வயதில் மில்லிகனும் போய்ச் சேர்ந்தார். நினைவுக் கூட்டத்தில் சீக்கோம்ப் பாடிய ஒலிநாடாவைப் போட்டுவிட்டார்கள்!

கல்லறையில் என்ன எழுத வேண்டும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். எனக்கு உடம்பு சரியில்லை என்று நான்தான் சொன்னேனே என்ற பொருளில் ஒரு வரி. தேவாலய நிர்வாகம் தயங்கியது. கடைசியில் ஆங்கிலத்தில் வேண்டாம், ஐரிஷ் மொழியில் இருக்கட்டும் என்று சமரசம். வின்செல்ஸி ஊர் தேவாலயத்தில் அப்படியே பொறித்திருக்கிறார்கள். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

ஆனால் அந்த வரியை ஜோக்காக மட்டும் படிக்காதீர்கள். 1944-இல் அவர் சொன்னார், பதவியைப் பறித்தார்கள். 1952-இல் அவர் சொல்லாமல் சொன்னார், கத்தியை எடுக்கும்வரை யாருக்கும் புரியவில்லை.

ஒவ்வொரு பேட்சிலும் ஒரு மில்லிகன் இருக்கிறான். ஹாஸ்டல் வராண்டாவில் பேராசிரியர்களைப் போலவே பேசிக் காட்டுவான், கல்ச்சுரல்ஸில் அவன் மேடை ஏறினால் விசில் பறக்கும். இந்த மலரைப் படிக்கும்போதே உங்கள் பேட்ச் ஆளின் முகம் ஞாபகம் வரும். அவனுக்கு ஒரு போன் போடுங்கள். ஜோக் கேட்க அல்ல. எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு, அவன் முதலில் அடிக்கும் ஜோக்குக்குச் சிரித்துவிட்டு, மறுபடி அதே கேள்வியைக் கேளுங்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அரியர், இன்டர்வியூ, வீட்டு நிலைமை என்று மனசு தாங்காமல் போனால் அது கோழைத்தனம் இல்லை, உடம்புக்கு வரும் காய்ச்சல் மாதிரி ஒன்று. சொல்லுங்கள், வைத்தியம் இருக்கிறது. 2022 முதல் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். நடுக்கடலில், படகில், பசியோடு, கையில் ஒரே ஒரு புட்டிங். தின்பதா வேண்டாமா என்று சீகூன் கேட்ட கேள்விக்கு மில்லிகன் விடை எழுதாமல் நேயர்களிடம் விட்டுவிட்டார். இத்தனை வருடம் கழித்து ஒரு நேயனாக என் விடையை அனுப்பி வைக்கிறேன்: தின்றுவிடு அப்பா. வழக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.